ஒரே மேடு, மூன்று பனி

என் மகள் நித்யா எலும்பு டாக்டர். லண்டனில் அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு பிப்ரவரி மாதம் அறுவடைக் காலம். ஆல்ப்ஸ் மலைக்குப் பனியில் சறுக்கப் போகும் ஆங்கிலேயர்கள் போகும்போது இரண்டு காலோடு போய், வரும்போது ஒன்றே முக்கால் காலோடு வருகிறார்கள். ஆகவே 2009 ஜனவரியில் நான் மோர்டனில் அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்த மறுநாள் காலை, "பிப்ரவரி ஏழாம் தேதி எல்லாரும் ஒரு வாரம் பிரான்ஸ் போறோம்ப்பா, ஸ்கீயிங்" என்று அவள் சொன்னபோது, சறுக்கப் போகும் 'எல்லாரிலும்' நான் சேர்த்தி இல்லை என்பது அவள் குரலிலேயே தெரிந்துவிட்டது.

"நீங்களும்தான் வர்றீங்க" என்றாள். "பால்கனி வச்ச ரூம் எடுத்திருக்கோம். போர்வையைப் போத்திக்கிட்டு உட்கார்ந்து மலையைப் பாருங்க. சூப் குடுப்பாங்க."

உட்கார்ந்து பார்ப்பதற்குத் திருச்சியில் எனக்கு மலைக்கோட்டை இருக்கிறது. அதற்கு விசா தேவையில்லை என்றேன்.

எனக்கு அறுபத்திரண்டு வயது. முப்பத்து மூன்று வருடம் மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றேன். மக்கள் மொழியில் பிரேக் இன்ஸ்பெக்டர். காலையில் மைதானத்தில் சுண்ணாம்புத் தூளால் எட்டு வரைந்து, அதில் வண்டி ஓட்டிக் காட்டச் சொல்லி, கால் ஊன்றியவர்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பியவன். லாரி, டிராக்டர், ஆம்புலன்ஸ், ஒரு முறை சர்க்கஸ் கம்பெனியின் யானை வண்டி வரைக்கும் தகுதிச் சான்று கொடுத்திருக்கிறேன். அப்படிப்பட்டவனைப் பால்கனியில் நிறுத்தி வைக்கப்போகிறாளாம்.

"நானும் சறுக்குவேன்."

"அப்பா, போன வருஷம் பிப்ரவரியில என் வார்டுல..."

"டெஸ்ட் வை. பாஸ் பண்ணினால் சறுக்குவேன். ஃபெயிலானால் வாயைத் திறக்க மாட்டேன். சூப்புக்கு மட்டும் திறப்பேன்."

அவள் என் மகள். சோதனை என்ற சொல்லைக் கேட்டால் மறுக்கத் தெரியாது. பிப்ரவரி முதல் ஞாயிறு டெஸ்ட் என்றாள். சோதிப்பது மாலதி. மருமகன் ரமணனின் அலுவலகத்தில் வேலை பார்க்கும் மலேசியத் தமிழ்ப் பெண். ஈப்போவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவள். மாலை நேரங்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஒரு செயற்கைச் சரிவில் பனிச்சறுக்கு கற்றுக்கொடுக்கிறாள். அவள் தலையசைத்தால் நான் மலையில் இறங்கலாம். இல்லாவிட்டால் பால்கனி.

இந்த ஒப்பந்தம் நடந்தபோது சாட்சியாக இருந்தவர் என் சம்பந்தி சிவபாதம் அண்ணை. யாழ்ப்பாணத்துக்காரர். எண்பதுகளில் இங்கே வந்து பெட்ரோல் நிலையங்களில் வேலை பார்த்தவர், இப்போதும் வாரத்துக்கு மூன்று ஷிப்ட் போகிறவர். இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். தினமும் காலையில் ஒரு டப்பாவில் புட்டும் சொதியும் கொண்டுவந்து, நான் தோசைக்கு ஏங்குவதைப் பார்த்து ரசித்துவிட்டுப் போவார்.

"இருபத்தஞ்சு வருசமாய் வாசல்ல விழுந்த பனியை நான் வழிச்சுக்கொண்டு வாறன்" என்றார். "அதைக் காசு குடுத்துப் போய்ப் பாக்கிறதோ? நான் வரேல்லை. ஆனால் இன்ஸ்பெக்டர் ஐயா விழுறதைப் பாக்கிறதெண்டால் டெஸ்டுக்கு வாறன்."

மூன்றாம் நாள் ரமணன் என்னை நகர மையத்தில் ஒரு ஸ்கீ கடைக்கு அழைத்துப் போனான். கடை தரைக்குக் கீழே இருந்தது. சுவரெங்கும் ஸ்கீக்கள், காலில் பூட்டிச் சறுக்கும் நீளப் பலகைகள், ஓலைச்சுவடியை நிமிர்த்தி வைத்ததுபோல் வரிசையாக. என்னைக் கவனித்த பெண்மணிக்கு ஐம்பத்தைந்து இருக்கும். கட்டைவிரலில் பிளாஸ்திரி, கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. அவர் விற்பனை வார்த்தை எதுவும் பேசாமல் நேராகக் கேள்விக்கு வந்தது எனக்குப் பிடித்தது.

"எந்தப் பனியில் போகப் போகிறீர்கள்?"

பனியில் வகை உண்டா என்றேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்துவிட்டு, மூன்று ஸ்கீக்களை எடுத்து மேசைமேல் கிடத்தினார்.

ஸ்கீயின் முனையும் வாலும் அகலம், நடு ஒடுக்கம். அந்த நடுவுக்கு இடுப்பு என்று பெயர். இரவில் இயந்திரம் போட்டு அமுக்கிய, இறுகிய பனிக்கு இடுப்பு ஒடுங்கியது வேண்டும். சாய்த்தவுடன் பக்கவாட்டு எஃகு விளிம்பு பனியைக் கடித்துக்கொள்ளும். புதிதாக விழுந்த, முழங்கால் புதைகிற இளம்பனிக்கு இடுப்பு அகன்றது வேண்டும், இல்லாவிட்டால் மூழ்கிவிடும். வெயிலில் இளகிக் கூழானதற்கும், காலையில் ஒன்று மாலையில் ஒன்று என்று மாறுவதற்கும் நடுத்தரம். நீளமும் விறைப்பும் கூடக் கூட வேகத்தில் நிதானம் வரும். ஆனால் திருப்புவதற்குப் பலமும் பழக்கமும் வேண்டும். புதியவருக்குக் குட்டையானது, வளைந்து கொடுப்பது, நிறுத்தி வைத்தால் முகவாய் உயரத்துக்கு வருவது.

ஒரு நிமிடத்தில் எனக்கு விளங்கிவிட்டது. மணலில் ஓடும் டிராக்டருக்கு அகன்ற டயர், தார்ச்சாலையில் ஓடும் சைக்கிளுக்கு ஒடுங்கிய டயர். இதற்கு ஆல்ப்ஸ் எதற்கு? காவிரிப் படுகையிலேயே கற்றுக்கொள்ளலாம். அங்கேயே நிறுத்தியிருந்தால் நான் புத்திசாலியாக வீடு திரும்பியிருப்பேன். ஆனால் தொழில் புத்தி விடவில்லை.

"பிரேக் எங்கே?"

காலணியை ஸ்கீயோடு பூட்டும் கொக்கிக்கு பைண்டிங் என்று பெயர். அதன் இரண்டு பக்கமும் மடங்கிக் கிடந்த சிறு கம்பிகளை அவர் காட்டினார். பிரேக் அதுதானாம். நான் விழுந்து, கொக்கி விடுபட்டு, ஸ்கீ காலைவிட்டுக் கழன்றதும் அந்தக் கம்பிகள் தாமாக இறங்கிப் பனியில் ஊன்றி ஸ்கீயை நிறுத்தும். அதாவது, ஓட்டுநர் விழுந்த பிறகு வேலை செய்கிற பிரேக். இப்படியொரு வண்டிக்கு நான் எங்கள் ஊரில் தகுதிச் சான்று கொடுத்திருந்தால் அன்றே என்னைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்திருப்பார்கள்.

"சரி, ஓடும்போது எது நன்றாகப் பிடிக்கும்?"

"பனிக்கட்டிபோல் இறுகிய தரையில், நீளமானதும் விறைப்பானதும் ஒடுங்கியதும் நன்றாகப் பிடிக்கும்" என்றார். "அதை அழுத்தி வளைக்கத் தெரிந்தவருக்கு."

முதல் வாக்கியத்தை என் காது வாங்கிக்கொண்டது. இரண்டாவதைத் திருப்பி அனுப்பிவிட்டது. முகவாய் உயரம் சின்னப் பிள்ளைகளுக்கு, எனக்கு என் உயரத்துக்கு வேண்டும் என்றேன். ரமணன், "மாமா, அவ சொல்லுறதைக் கேப்பம்" என்று மெல்லச் சொன்னான். அவன் மரியாதையான பிள்ளை, ஆகவே அவனை மீறுவது சுலபம்.

பிறகு படிவம். எடை, வயது, காலணியின் அளவு. கடைசியில் ஒரு கேள்வி: நீங்கள் எந்த வகை? எச்சரிக்கையானவர், நடுத்தரம், ஆவேசமானவர். இதைப் பொறுத்துத்தான் கொக்கி எவ்வளவு இறுக்கத்தில் பிடிக்க வேண்டும் என்று எண் வைப்பார்களாம். கண் தெரியாமல் கண் தெரியும் என்றும், வலிப்பு இருந்தும் இல்லை என்றும் விண்ணப்பத்தில் எழுதியவர்களை ஆயிரக்கணக்கில் பார்த்தவன் நான். அத்தனை பேரும் அன்று என் பேனாவுக்குள் புகுந்துகொண்டார்கள். ஆவேசமானவர் என்று குறியிட்டேன்.

பெண்மணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "எத்தனை வருடமாகச் சறுக்குகிறீர்கள்?"

"இன்னும் ஆரம்பிக்கவில்லை."

அவர் வாதாடவில்லை. படிவத்தின் ஓரத்தில் 'வாடிக்கையாளர் தாமே தெரிவித்தது' என்று எழுதி, அதன் கீழ் தனியாக என் கையெழுத்தை வாங்கினார். நல்ல அதிகாரி. என் அலுவலகத்தில் இப்படி ஒருவர் இருந்திருந்தால் நான் நிம்மதியாக லீவு எடுத்திருப்பேன்.

சீசன் முடியும்வரை வாடகைக்கு எடுத்த அந்த ஸ்கீக்களோடு பாதாள ரயிலில் ஏறினோம். மோர்டன்தான் அந்தப் பாதையின் கடைசி நிலையம். உட்கார்ந்தால் ஸ்கீ எதிர் வரிசையில் இருப்பவர் மடியில் போய் நின்றது. நிமிர்த்தினால் கூரையில் இடித்தது. பக்கத்தில் நின்ற ஒரு கிழவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு மிகுந்த அக்கறையோடு கேட்டார்: "சரியான ரயிலில்தான் ஏறினீர்களா? இது மோர்டனோடு முடிந்துவிடும். அதற்கப்பால் மலை கிடையாது."

"தெரியும்" என்றேன். "மலை வரும்வரை காத்திருப்பேன்."

பெட்டியில் நான்கு பேர் சிரித்தார்கள். லண்டன் ரயிலில் அது ஒரு கலவரத்துக்குச் சமம்.

அடுத்த பத்து நாளில் ஆறு மாலைகள் செயற்கைச் சரிவுக்குப் போனேன். அங்கே பனி இல்லை. ஒரு குன்றின் மேல் பல் துலக்கும் பிரஷ்ஷைக் கவிழ்த்துப் பரப்பியதுபோல் பிளாஸ்டிக் முட்கள். வழுக்குவதற்காக நடுநடுவே தண்ணீர் பீய்ச்சுகிறார்கள். நல்ல ஸ்கீயை அதில் தேய்த்தால் அடிப்பாகம் பாழாகும் என்று, அவர்களே அடிபட்ட பழைய ஸ்கீக்கள் தருகிறார்கள். என் ஆறடிக்காரர்கள் வீட்டு வாசல் மூலையில் காத்திருந்தார்கள்.

மாலதிக்கு முப்பது வயது இருக்கும். தோள்வரை முடி, உரத்த குரல்.

"முட்டியை மடக்குங்கலா அங்கிள்! லைட் கம்பம் மாதிரி நிக்கிறீங்க. முன்னாடி ரெண்டு முனையும் சேரணும், பின்னாடி விரியணும். பீட்ஸா துண்டு மாதிரி. பீட்ஸா, பீட்ஸா!"

"கூரை முகடு என்று சொல்லம்மா. எனக்கு அது வரும்."

"சரி, கூரை! கூரையைப் பெருசாக்குங்க! ஐயோ, கூரை எங்கலா போச்சு?"

கூரை பறந்துபோய் நான் வேலியில் கிடந்தேன். எட்டு வயதுப் பிள்ளைகள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். திருச்சியிலிருந்து தொலைபேசியில் என் மனைவி, "காலை ஒடச்சிக்கிட்டு வந்தீங்கன்னா நான் தூக்க மாட்டேன், சொல்லிட்டேன்" என்றாள். ஆறாவது மாலையில் இடது பக்கம் திரும்பவும், வலது பக்கம் திரும்பவும், ஏறக்குறையச் சொன்ன இடத்தில் நிற்கவும் வந்தது. ஏறக்குறைய என்ற சொல்லை என் பணிக்காலத்தில் நான் ஏற்றுக்கொண்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட். நித்யா கையைக் கட்டிக்கொண்டு கீழே நின்றாள். பக்கத்தில் ரமணன். சிவபாதம் அண்ணை ஒரு பொட்டலத்தில் மட்டன் ரோல்ஸ் வாங்கிக்கொண்டு, படம் பார்க்க வந்தவரைப்போல் வந்திருந்தார். உச்சியிலிருந்து இறங்கினேன். இடது திருப்பம் சரி. வலது திருப்பத்தில் வால் வழுக்கியது. சாய்ந்தேன். ஒரு கையைத் தரையில் ஊன்றி, நிமிர்ந்து, மிச்சத்தையும் ஓட்டி, கோட்டில் நின்றேன்.

"பரவால்லலா அங்கிள், விழலையே!" என்று மாலதி ஓடி வந்தாள். "ஓகே, பாஸ் போட்டுடலாம்."

நித்யா கட்டியிருந்த கையை எடுத்தாள். அவள் முகத்தில் பாதி ஏமாற்றம், பாதி சிரிப்பு. நான் 'சரி' என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டது, வெளிநாட்டு வேலை வந்துவிட்டது, லைசென்ஸ் இல்லாவிட்டால் குடும்பமே அழிந்துவிடும் என்று கெஞ்சியவர்களை, பெருவிரல் தரையில் பட்டதற்காகத் திருப்பி அனுப்பிய மனிதன் நான். முழுக் கையை ஊன்றிவிட்டு எப்படி வாங்கிக்கொள்வது?

"ஃபெயில்" என்றேன்.

"உங்களுக்கு விசர்" என்றார் சிவபாதம் அண்ணை, ரோல்ஸை வாயில் வைத்தபடி. "பிள்ளை பாஸ் எண்டுறாள், நீங்கள் ஃபெயில் எண்டுறியள். உங்களுக்கே நீங்கள் லஞ்சம் குடுக்க மாட்டியளோ?"

எங்கள் விதிப்படி ஃபெயிலானவர் ஏழு நாள் கழித்துத்தான் மறுபடி வரலாம். சனிக்கிழமை விமானம். "பால்கனி நல்லாத்தான் இருக்கும்ப்பா" என்று காரில் நித்யா என் கையைப் பிடித்துக்கொண்டாள். கையை எடுத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் பனி விழத் தொடங்கியது. திங்கள் காலை ஜன்னலைத் திறந்தால் தெருவில் கார்கள் இல்லை, வெள்ளை மேடுகள்தான் இருந்தன. பேருந்துகள் எல்லாம் நின்றுவிட்டன என்றது வானொலி. அலுவலகங்கள் இல்லை, பள்ளிகள் இல்லை. எங்கள் ஊரில் முழங்கால் தண்ணீரிலும் பஸ் போகும். இங்கே ஒரு சாண் பனிக்குப் பேரரசின் தலைநகரம் கையைத் தூக்கிவிட்டது. நித்யா மட்டும் ஆஸ்பத்திரிக்கு நடந்தே கிளம்பினாள். நடைபாதைகளில் வழுக்கி விழப்போகிறவர்களுக்கு அவள் வேண்டும்.

நான் மாலதிக்குப் போன் செய்தேன்.

"இன்று சாயங்காலத்துக்குள் எனக்கு டெஸ்ட் வைக்க வேண்டும்."

"அங்கிள், நீங்கதான் ஏழு நாள் ரூல் சொன்னீங்க!"

"அது மறுதேர்வுக்கு. நேற்று நடந்தது பிளாஸ்டிக்கில். இது பனி. வேறு வகுப்பு. பைக் டெஸ்டில் ஃபெயிலானவன் மறுநாள் கார் டெஸ்டுக்கு வரக்கூடாது என்று எந்த விதியும் இல்லை. இது புது விண்ணப்பம்."

எதிர்முனையில் சிரிப்பு. "விம்பிள்டன்லருந்து நடந்துதான் வரணும். மூணு மணிக்கு வரேன்."

வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் ஒரு மேடு இருக்கிறது. எட்டரை மணிக்கு ரமணன் என் நெட்டை ஸ்கீக்களையும் தன் ஸ்கீக்களையும் தூக்கி வந்தான். பின்னால் சிவபாதம் அண்ணை பிளாஸ்கோடு. மேட்டில் ஒரு காலடிகூட இல்லை, மாவைச் சலித்துக் கொட்டியதுபோல் பனி. நான் பூட்டிக்கொண்டு இறங்கினேன். பத்தடி போனதும் ஸ்கீயின் முனைகள் பனிக்குள் நுழைந்தன. ஸ்கீ நின்றது, நான் நிற்கவில்லை. முகம் குப்புற விழுந்தேன். விழுந்தால் கழன்றுவிடும் என்று சொல்லப்பட்ட கொக்கி கழலவில்லை. ஆவேசக்காரனுக்கு வைத்த எண் அல்லவா? ஸ்கீ ஒரு பக்கம் திரும்ப, அதோடு என் வலது முட்டியும் திரும்பியது.

"முறிஞ்சுதோ?" என்று மேலேயிருந்து கேட்டார் சம்பந்தி.

"இல்லை."

"அப்ப எழும்புங்கோ. தேத்தண்ணி ஆறுது."

பனியில் உட்கார்ந்தபடியே கடைக்காரப் பெண்மணியை நினைத்துக்கொண்டேன். ஒடுங்கியது இளம்பனியில் மூழ்கும் என்று அவர் சொன்னது நடந்துவிட்டது. கொக்கியின் வேலை பிடித்துக்கொள்வது மட்டும் என்று நான் நினைத்திருந்தேன். தக்க சமயத்தில் விடுவதும் அதன் வேலை. முப்பத்து மூன்று வருடம் எது நிற்கும் என்று மட்டும் பார்த்தவனுக்கு அது தோன்றவில்லை.

ரமணனின் ஸ்கீக்கள் அகன்றவை. அவன் காலணி எனக்குச் சேரவில்லை. அவன் வீட்டுக் கொட்டகையிலிருந்து ஸ்க்ரூ டிரைவர் கொண்டுவர, என் காலணி நீளத்துக்குக் கொக்கியை நானே நகர்த்திப் பூட்டினேன். மறுபடி உச்சி. இம்முறை மூழ்கவில்லை. படகுபோல் மேலேயே மிதந்து போயிற்று. திருப்பவில்லை, நிறுத்தவில்லை, அது நிற்கும்வரை நின்றுகொண்டிருந்தேன். காதில் காற்றைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. அடிவாரத்தில் நின்றபோது என்னையறியாமல் சத்தம் போட்டுச் சிரித்திருக்கிறேன். சிவபாதம் அண்ணை கை தட்டினார். "சரி, இதுதான் சாமான்! டெஸ்டுக்கும் இதையே போடுங்கோ."

நானும் அப்படித்தான் முடிவு செய்தேன். வீட்டுக்குப் போய், சொதியும் இடியப்பமும் சாப்பிட்டு, முட்டியில் ஐஸ் வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரம் தூங்கினேன். என் மொத்தப் பணிக்காலத்திலும் செய்யாத தவறு அது. காலையில் பார்த்த சாலைக்கு மதியம் சான்று கொடுத்தேன்.

இரண்டரை மணிக்கு மூவரும், சிவபாதம் அண்ணை பிளாஸ்க்கும் ஒரு ரோல்ஸ் பொட்டலமுமாக, திரும்பி வந்தால் மேட்டை அடையாளம் தெரியவில்லை. மோர்டனில் பள்ளி இல்லாத பிள்ளைகள் எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள். தேநீர்த் தட்டு, குப்பைத்தொட்டி மூடி, பிளாஸ்டிக் பை, ஒரு குழந்தைக் குளியல் தொட்டி, எதில் உட்கார முடியுமோ அதில் உட்கார்ந்து சறுக்கிச் சறுக்கி, காலைப் பனியைத் தேய்த்து மெருகேற்றிவிட்டார்கள். நடுப்பகலில் கொஞ்சம் இளகிக் கூழாகி, வெயில் சாய்ந்ததும் மறுபடி உறைந்திருந்தது. ஒரே மேட்டில் ஒரே நாளில் மூன்றாவது பனி. ரமணனின் அகன்ற ஸ்கீயை மாட்டி ஓரத்தில் ஒரு முறை சாய்த்துப் பார்த்தேன். தரையைக் கடிக்காமல் பக்கவாட்டில் வழுக்கியது. என் நெட்டைகள் கடிக்கும். ஆனால் அவற்றைத் திருப்ப என்னால் ஏலாது என்பதை அதற்குள் ஒப்புக்கொண்டிருந்தேன்.

"வேறென்ன இருக்கு?" என்றேன்.

ரமணன் தயங்கினான். "நித்யா முதல் வருசம் பழகின ஸ்கீ பரண்ல கிடக்கு, மாமா. கட்டை. இடுப்பு ஒடுக்கம். உங்கட முகவாய்க்குத்தான் வரும். ஆனா அவ அறிஞ்சா என்னைக் கொல்லுவா."

"நான் சாட்சி சொல்ல வருவேன். ஓடு."

அவன் கொண்டுவந்தான். ஊதா நிறம், பூப்போட்டது. பெஞ்சில் உட்கார்ந்து மறுபடி ஸ்க்ரூ டிரைவர். ரமணன் தன் கைப்பேசியில் தேடி எடுத்த அட்டவணையில் எடை, வயது, காலணி நீளம் மூன்றையும் வைத்துப் பார்த்தேன். ஐம்பது வயது கடந்தவர் ஒரு வரி மேலே போக வேண்டும் என்றிருந்தது. போனேன். வகை என்ற இடத்துக்கு வந்தபோது யாரும் என்னைப் பார்க்கவில்லை. எச்சரிக்கையானவர். கடையில் ஆறு என்று இருந்த எண், மூன்றரையாக இறங்கியது.

மூன்று மணிக்கு ரப்பர் பூட்சில் மாலதி வந்து சேர்ந்தாள். இரண்டு மைல் நடந்து வந்த கன்னங்கள் சிவந்திருந்தன. பிள்ளைகளை ஓரம் கட்டினாள். இடது திருப்பத்துக்கு பிளாஸ்க்கை நட்டாள். வலது திருப்பத்துக்கு நடுவதற்கு ஒன்றும் இல்லை.

"சிவா அங்கிள், நீங்க அங்க நில்லுங்க."

"நான் என்ன கம்பமோ?"

"ஆமாலா. அசையாத கம்பம்."

"இந்த மனிசன் என்னை இடிச்சால்?"

"இடிச்சா ஃபெயில்" என்றேன் மேலேயிருந்து.

"அப்ப அசைய மாட்டன்" என்று ரோல்ஸை எடுத்துக்கொண்டு போய் நின்றார்.

முட்டி வலித்தது. தரை கண்ணாடிபோல் இருந்தது. முனைகளைச் சேர்த்து, வாலை விரித்து இறங்கினேன். எஃகு விளிம்பு பனியைச் சுரண்டுகிற சத்தம், தகரத்தில் ஆணியால் கோடு போடுவதுபோல் கேட்டது. என் வாழ்நாளில் கேட்ட சிறந்த பிரேக் சத்தம் அதுதான். பிளாஸ்க்கை இடப்பக்கமாகச் சுற்றினேன். வேகம் கூடியது. எதிரே சிவபாதம் அண்ணை. நேற்று வால் வழுக்கிய அதே வலது திருப்பம். வெளிக்காலை அழுத்தினேன். குட்டை ஸ்கீ சொன்ன பேச்சைக் கேட்டு வளைந்தது. அவர் சட்டைப் பொத்தானுக்கும் என் தோளுக்கும் நடுவில் ஒரு ரோல்ஸின் இடைவெளிதான். அவர் கண்ணை மூடிக்கொண்டார், காலை எடுக்கவில்லை. பிறகு நேர்கோடு, கூரை, இன்னும் பெரிய கூரை, பெஞ்சுக்கு முன் போட்ட கோட்டில் நின்றேன். கை ஊன்றவில்லை.

பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். ஒருவன், "தாத்தா, இன்னொரு தடவை" என்று ஆங்கிலத்தில் கத்தினான்.

"பாஸ்லா!" என்றாள் மாலதி.

"எழுத்தில் வேண்டும். எந்த வகுப்புக்கு என்றும் குறிப்பிட வேண்டும்."

அவள் சிரிப்பை நிறுத்தி யோசித்தாள். அவளுக்குள்ளும் ஓர் அதிகாரி இருந்தாள். "காலையில என்ன நடந்ததுன்னு ரமணன் சொல்லிட்டார். சாஃப்ட் பனிக்கு நான் கையெழுத்து போட மாட்டேன் அங்கிள். இறுகின பனிக்கு மட்டும்."

"அப்படித்தான் போட வேண்டும்" என்றேன். ரோல்ஸ் கட்டிவந்த காகிதத்தின் எண்ணெய் படாத பக்கத்தில் அவள் எழுதிக் கொடுத்தாள்: இறுகிய பனி மட்டும். புதுப் பனிக்குச் செல்லாது. தேதி, கையெழுத்து.

சாயங்காலம் நித்யா நடந்தே வீடு திரும்பினாள். பதினேழு மணிக்கட்டு, நான்கு இடுப்பு என்று சோபாவில் சாய்ந்தாள். காகிதத்தை நீட்டினேன். படித்தாள். என்னைப் பார்க்காமல் என் முட்டியைப் பார்த்தாள்.

"நொண்டுறீங்க."

"லேசாக."

"பரண்லருந்து என் ஸ்கீயை எடுத்தது யாரு?" ரமணன் சமையலறைக்குள் போய்விட்டான். அவள் தரையில் உட்கார்ந்து முட்டியை அழுத்தினாள், மடக்கினாள், திருகினாள். "லைசென்ஸ் சரி. எஃப்.சி. இல்லாம வண்டியை ரோட்டுல விடுவீங்களா? வெள்ளிக்கிழமை பார்த்துட்டுச் சொல்றேன்."

தகுதிச் சான்று விஷயத்தில் நான் வாதாட இடமில்லை. நான்கு நாள் ஐஸ் வைத்தேன். நெட்டை ஸ்கீக்களைக் கடையில் திருப்பிக் கொடுக்கப் போனபோது பெண்மணி படிவத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, "எந்த வகை?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். முகத்தில் ஓர் அசைவும் இல்லாமல் திருத்தி எழுதினார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நித்யா என்னைப் பத்து முறை உட்கார்ந்து எழ வைத்தாள். ஒற்றைக் காலில் நிற்க வைத்தாள். முட்டி தேறிவிட்டது என்றாள். என் சந்தோஷம் முழுதாக மேலே வருவதற்குள் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். நாங்கள் போகிற ஊரில் மூன்று நாளாகப் பனி விழுகிறது. வாரம் முழுக்க இன்னும் விழும். "எல்லாம் புதுப் பனி, அப்பா. உங்க லைசென்ஸ் செல்லாது. நான் சொல்லலை, உங்க காகிதம் சொல்லுது."

நான்கு நாள் ஐஸ் வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்ததாக அவள் நினைத்துவிட்டாள்.

"எவ்வளவு விழுந்தாலும் தினமும் ராத்திரி இயந்திரம் விட்டுச் சரிவை அமுக்குகிறார்கள்" என்றேன். "காலையில் திறக்கும்போது இறுகித்தான் இருக்கும். ஆட்கள் உழுது குலைக்கப் பதினொன்று ஆகும். ஒன்பதிலிருந்து பதினொன்று வரை என் லைசென்ஸ் செல்லும். அதற்குப் பிறகு ராத்திரி மறுபடி அமுக்கும்வரை நான் வண்டியை எடுக்க மாட்டேன்."

அவள் ரமணனைப் பார்த்தாள். "ஓம், சரிதான்" என்றான் அவன், கதவு நிலையில் நின்றபடி, ஓடத் தயாராக.

நித்யா மடிக்கணினியை மூடினாள். "சரி. ஆனா நான் பின்னாடியே வருவேன்."

"வரலாம். ஆய்வாளர் வண்டியில் கூட வரும்போது ஓட்டுநரோடு பேசக் கூடாது. அது விதி."

"நான் பேசுவேன். கத்துவேன். முட்டியை மடக்குங்கன்னு கத்துவேன். விதி கெடக்கட்டும்ப்பா."

முப்பத்து மூன்று வருடத்தில் என் முகத்துக்கு நேரே அந்த வாக்கியத்தைச் சொன்னவர் யாரும் இல்லை. ஊதா ஸ்கீக்களை அவளுடையவற்றோடு சேர்த்து வைத்துக் கட்டினேன். அவள் முடிச்சைச் சரிபார்த்தாள். நான் விட்டுவிட்டேன்.